சாய்ந்த எழுத்தும் சாயாத மரபும்

மார்கழித் திங்களில் திருவண்ணாமலையில் பாவைப்பாட்டுப் போட்டி ஒன்றிற்குத் துண்டறிக்கை வழங்கினர். என் வகுப்பு மாணவன் ஒருவன் அதனைப் 'பரவைப்பாட்டுப் போட்டி' என்று உரக்கப் படித்தான். வகுப்பே நகைத்தது. தாளை வாங்கிப் பார்த்தேன், பிழை அவனுடையதன்று. முனைகள் உருண்டு, தடிப்பு வேறுபாடின்றி, வலப்புறம் சாய்ந்த எழுத்து அது. அதில் துணைக்காலும் ரகரமும் இரட்டைப் பிள்ளைகள்போல் நின்றன. திருவெம்பாவை பிறந்த ஊரெனப் போற்றப்பெறும் இடத்திலேயே பாவை பரவையாயிற்று!

இச்சாய்வு எங்கிருந்து வந்தது? இத்தாலி நாட்டு வெனிசு நகரில் ஆல்டசு மனூசியசு என்பார் 1501இல் சாய்வெழுத்தால் ஒரு நூலை அச்சிட்டார். அவ்வெழுத்தை வெட்டிக் கொடுத்தவர் பிராஞ்செசுகோ கிரிப்போ. நின்ற எழுத்தைத் தள்ளிச் சாய்த்ததன்று அது. அந்நாட்டுக் கற்றோர் விரைந்தெழுதிய கையெழுத்தினின்று தனியே வடித்தது. சொல்லை அழுத்திக் காட்டும் கருவியாக அது மாறியது பின்னரே. அவர்தம் கைக்கு அஃது இயல்பு, அதனைப் பழிப்பதற்கில்லை.

நம் எழுத்தின் வழி வேறு. திருக்கோவலூரை அடுத்த சம்பையில் 1981இல் கண்டறியப்பெற்ற அதியமான் கல்வெட்டில் தமிழி எழுத்து நேர்கோடுகளால் நிமிர்ந்து நிற்கின்றது. நம் செங்கத்து நடுகற்களிலோ அது வளைந்து வட்டெழுத்தாகி விட்டது. நேர்கோடு கீறினால் ஓலை கிழியும். ஆதலின் எழுத்தாணி வளைந்தோடிற்று என்பர் அறிஞர். ஆகவே, உருட்சி நமக்கு இரவலன்று, சாய்வே இரவல்.

இன்று கணிப்பொறியில் ஒரு பொத்தானை அழுத்தினால் எவ்வெழுத்தும் சாய்கின்றது. அது வரைந்த சாய்வன்று, தள்ளிய சாய்வு. வட்டம் முட்டையாகின்றது, பகர மகரங்களின் நிமிர்கோடு விழப்போகும் கம்பமாகின்றது. அயற்சொல்லைக் களையும் நம்மவர் இதழ்களே நூற்பெயரையும் மேற்கோளையும் இவ்வாறு சாய்த்து அச்சிடுகின்றன. சொல்லில் காவல் வைத்து வடிவில் கதவைத் திறந்து விடலாமா?

சாய்வே கூடாதென்பது என் கருத்தன்று. கடைப்பலகையிலும் சுவரிலும் நம் எழுத்தோவியர்கள் தூரிகையால் சாய்த்தெழுதியவை கண்ணுக்கு இனியவை. ஒவ்வொரு வளைவையும் கை அறிந்து இட்டது. விழாத்தலைப்புக்கு அத்தகைய எழுத்துப் பொருந்தும். பாடநூலுக்கும் அறிக்கையின் உடலுக்கும் பொருந்தாது.

எழுத்துரு வடிப்போர்க்கு ஒன்று சொல்வேன்: சாய்வு வேண்டின், தமிழர் கையெழுத்தைப் பார்த்து வரையுங்கள், ரகரத்தின் அடிக்கோட்டைத் தெளிவாக இடுங்கள். அச்சிடுவோர்க்கும் ஒன்று: அழுத்திக் காட்டத் தடித்த எழுத்து உண்டு, மேற்கோள் குறி உண்டு. இவை போதும்.

அன்று நகைக்கப்பட்ட அம்மாணவன் மறுநாள் வாய் திறந்து படிக்க அஞ்சினான். தமிழ்ப்பிள்ளை தமிழைப் படிக்க அஞ்சும்படி எழுத்தை ஆக்குவது அழகாகாது. எழுத்து நிமிர்ந்து நிற்கட்டும். படிக்கும் பிள்ளையும் நிமிர்வான்.