முல்லை என்று பெயரிடத் தயங்குவது ஏன்?

குழந்தைப் பெயர், தொலைக்காட்சித் தொடர், கைப்பேசி விளையாட்டு ஆகிய மூன்றும் அரட்டைக்கு உரியவை, ஆய்வுக்கு உரியவை அல்ல என்றே நம் துறைகளில் பலரும் கருதுகின்றனர். "இக்காலப் பெற்றோர் தமிழ்ப்பெயர் வைப்பதில்லை" என்னும் குறையைக் கருத்தரங்குத் தேநீர் இடைவேளைகளில் நானும் பலமுறை சொல்லியிருக்கிறேன். சென்ற மாதம் ஊருக்குப் போய்வந்த பிறகு அதை அவ்வளவு எளிதாகச் சொல்ல இயலவில்லை. காரணத்தை எழுதுகிறேன். நீண்ட பதிவு, பொறுத்தருள்க.

என் ஊர் இடுக்கி மாவட்டத்து ஆனைக்கரை. பாலக்காடு மாவட்டத்திலும் இதே பெயரில் ஓர் ஊர் உண்டு. 1956ஆம் ஆண்டின் மாநிலச் சீரமைப்பில் தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தில் அமைந்தன. ஏலத்தோட்ட வேலைக்காகக் கம்பம், போடிப் பக்கத்திலிருந்து ஜீப்புகளில் ஆட்கள் வருவது இன்றும் தொடர்கிறது. வந்தவர்களில் தங்கிவிட்ட குடும்பங்களுள் எங்களுடையதும் ஒன்று.

அக்காவுக்கு இரண்டாவதாகப் பெண் குழந்தை பிறந்திருக்கிறது. பிறப்பைப் பெயரின்றிப் பதிந்துவிட்டு 12 மாதங்களுக்குள் கட்டணமின்றிப் பெயரைச் சேர்க்கலாம் என்பதால் வீட்டில் விவாதம் நீள்கிறது. அக்காவின் மாமியார் 'முல்லை' என்கிறார். அக்கா என்னைத் தனியே அழைத்துச் சொன்னாள்: "நல்ல பேர்தான் தம்பி. ஆனா பள்ளிக்கூடத்துல கூப்பிட்டதுமே தோட்டத்துப் பிள்ளைன்னு தெரிஞ்சிடுமே." ஹர்ஷினி, ரித்திகா போன்ற ஒன்றை அவள் விரும்புகிறாள்.

மொழியியல் மாணவனாக எனக்கு இதில் வியப்பில்லை. ரகரமும் லகரமும் தமிழ்ச் சொல்லுக்கு முதலாகா என்பது தொல்காப்பிய மரபு. அதனால்தான் இராமன், இலக்குவன் என்று இகரம் சேர்த்து எழுதினோம். இன்று விரும்பப்படும் பெயர்களில் பல, அந்த விதி தடுக்கும் இடத்திலேயே தொடங்குகின்றன. தமிழ்ச்சொல்லின் ஒலியமைப்பிலிருந்து விலகி நிற்பதே அவற்றின் கவர்ச்சி என்று கருதுகிறேன். அப்பெயர்களைக் கேட்டு ஊரையோ சாதியையோ தொழிலையோ எளிதில் கண்டுபிடிக்க முடியாது. அக்கா தேடுவது வடமொழியை அன்று, அந்த மறைவை.

எங்கள் வீட்டில் இரு மொழித் தொடர்களும் ஓடுகின்றன. 2018இல் விஜய் தொலைக்காட்சியில் தொடங்கிய 'பாண்டியன் ஸ்டோர்ஸ்' 2020இல் ஏஷியாநெட்டில் 'சாந்த்வனம்' என்று மலையாளத்தில் மறுவாக்கம் பெற்றது. அண்ணன் தம்பிகள் சேர்ந்து வாழும் அதே கதைதான். ஆனால் மூர்த்தியும் தனமும் அங்கே பாலனும் தேவியும் ஆயினர். ஜீவாவும் மீனாவும் ஹரியும் அபர்ணாவும் ஆயினர். கதிரும் முல்லையும் சிவனும் அஞ்சலியும் ஆயினர். கடைக்குட்டி கண்ணன் மட்டும் இரண்டிலும் கண்ணன். முல்லை மலையாளிக்குத் தெரியாத சொல்லன்று. அங்கும் அதே பூ, 'முல்ல' என்பர். பொருள் விளங்காததால் அப்பெயர் மாறியிருக்க வாய்ப்பில்லை. அது தமிழ்வீட்டுப் பெயராகக் கேட்கிறது என்பதே காரணமாக இருக்க வேண்டும். அக்காவின் காதும் அதைத்தான் கேட்டிருக்கிறது.

தனித்தமிழ் இயக்கத்தார் செய்து காட்டவில்லையா என்று நண்பர்கள் கேட்பர். வேதாசலம் மறைமலை ஆனார். நாராயணசாமி நெடுஞ்செழியன் ஆனார். இராமையா அன்பழகன் ஆனார். அவர்கள் வளர்ந்தபின் தம் பெயரைத் தாமே மாற்றிக்கொண்டவர்கள். அவர்களைச் சுற்றி மேடையும் இதழும் தோழர்களும் இருந்தனர். என் அக்காவின் மகளுக்கு முன்னால் இருக்கப்போவது, ஜூன் மாதத்தில் வருகைப் பதிவேட்டைத் திறக்கும் ஓர் ஆசிரியரும் நாற்பது பிள்ளைகளும் மட்டுமே. அவர்களின் துணிவை இந்தக் குழந்தையிடம் கேட்பது நியாயமன்று.

அக்காவின் மூத்த மகனுக்குப் பன்னிரண்டு வயது. கைப்பேசி விளையாட்டில் அவன் பெயர் 'அரிக்கொம்பன்'. 2023இல் சின்னக்கானலிலிருந்து பிடித்துச் செல்லப்பட்டு, பின்னர் கம்பம் நகருக்குள் புகுந்த அதே யானைதான். மலையாள 'அரி' நமக்கு அரிசி. எந்தப் பக்கத்துப் பெயர் என்று அவன் யோசிக்கவில்லை. யாரும் அவனைக் கேட்கவுமில்லை. வகுப்பறையில் கிடைக்காத ஒன்று அவனுக்கு அங்கே கிடைத்திருக்கிறது.

கனடாவின் விசை கேம்ஸ் 2023இல் வெளியிட்ட 'வெண்பா' என்னும் விளையாட்டையும் இங்கே நினைக்கிறேன். அடுத்த ஆண்டு அது முதற்படைப்புக்கான பாஃப்டா விருதைப் பெற்றது. 1980களில் கனடாவில் குடியேறிய தமிழ்க் குடும்பத்தின் கதை. தாயின் சமையற்குறிப்பேட்டில் அழிந்துபோன வரிகளை நாம் மீட்டுச் சமைக்க வேண்டும். தாய் வெண்பா, தந்தை பாவலன், மகன் கவின். பெற்றோர் பெயர்கள் செய்யுளிலிருந்து வந்தவை. மகனின் பெயர் அழகு என்னும் பொருளுடைய தூய தமிழ். ஆங்கிலக் காதுக்கோ கெவினுக்கு மிக அருகில் இருப்பது. என் வாசிப்பில் கவினும் ஒரு கண்ணன்தான்: இரு காதுகளுக்கும் பொருந்தும் பெயர். அத்தகைய பெயர்கள் அழகானவை. ஆனால் ஒவ்வொரு குழந்தையும் அப்படித்தான் பொருந்த வேண்டும் என்று ஏன் எதிர்பார்க்கிறோம்?

பதிவேடுகளின் கதை எனக்குச் சொந்த அனுபவம். என் பள்ளிச் சான்றிதழில் தந்தையின் தலைப்பெழுத்து கேரள வழக்கப்படி பெயருக்குப் பின்னால். தமிழகத்தில் பெற்ற முதுகலைச் சான்றிதழில் முன்னால். முனைவர் பட்டப் பதிவின்போது இருவரும் ஒருவரே என்று சான்று வாங்கிவரச் சொன்னார்கள். அதற்கு இரண்டு வாரம் அலைந்தேன். வேடிக்கை என்னவென்றால், ழ, ள, ற, ண எல்லாம் உடைய மலையாள எழுத்தில் என் பெயர் பிழையின்றி இருக்கிறது. சிதைந்தது ஆங்கிலத்தில்தான்.

என் கருத்து இதுவே. தமிழ்ப்பெயர் வைக்காத பெற்றோரைக் கடிவதற்கு முன், அப்பெயரைத் தாங்கும் குழந்தைக்கு நாம் என்ன செய்திருக்கிறோம் என்று கேட்போம். கேரளத்தின் 1969ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டம், தமிழ்ச் சிறுபான்மையினர் அரசுடன் தம் மொழியிலேயே கடிதத் தொடர்பு கொள்ள இடமளிக்கிறது. அந்த உரிமையின் நீட்சியாக, இப்பகுதிப் பிள்ளைகளின் பெயர், பெற்றோர் எழுதித்தரும் தமிழ் வடிவத்திலும் பள்ளிப் பதிவேட்டில் இடம்பெற வேண்டும். ஒரு வரி போதும். ஆசிரியர் பயிற்சியில் பெயர்களைச் சரியாக அழைப்பதற்கு ஒரு மணி நேரம் ஒதுக்கலாம். முல்லை என்று அழைக்கும்போது வகுப்பு சிரிக்காமலிருந்தால், அக்கா தயங்கவேண்டிய தேவையே இராது.

பெயர் இன்னும் முடிவாகவில்லை. வீட்டில் இப்போதைக்குப் 'பாப்பா'தான். ஹர்ஷினி என்று முடிவானாலும் அக்காவிடம் நான் வாதாடப்போவதில்லை. எல்லைப்புறத்தில் படித்த நண்பர்கள், உங்கள் பெயர் பதிவேட்டில் என்னவாக மாறியது என்பதைக் கீழே எழுதுங்கள். கோரிக்கை மனு எழுதும்போது உதவும்.