உண்ணும் பொழுதை உண்பதற்கே விடுக!

காலையில் பேருந்துக்கு ஓடும் விரைவில் ஒரு குவளைக் குளம்பி, பதினொரு மணிக்குத் தேநீரும் வடையும், நண்பகல் உணவுக்குரிய பொழுதில் மேலாளர் கூட்டிய கூட்டம், மூன்று மணிக்குக் கணினியின் முன் அமர்ந்தபடியே ஆறிப்போன சோறு, இரவு பத்து மணிக்கு வீடு திரும்பி, பகலெல்லாம் அடக்கிய பசிக்கு ஈடாக ஒரு பெருந்தீனி, உடனே படுக்கை. நாற்பது அகவையைக் கடந்த அலுவலர் பலரின் நாள் இவ்வாறே கழிகின்றது. உழைப்பு என்று இதற்குப் பெயர்! உண்மையில் இஃது உடலை அடகு வைத்து ஊதியம் பெறுதலேயாம்.

இந்திய மருத்துவ ஆய்வு மன்றத்தின் துணையுடன் நாடளாவ நடந்து 2023இல் வெளிவந்த ஆய்வின்படி, இந்நாட்டில் நீரிழிவுற்றோர் 10.1 கோடியர், அந்நோயின் வாயிலில் நிற்போர் 13.6 கோடியர். இந்நோய் பலரை வந்து பற்றுவது நடுவகவையிலேயே. அஃதாவது, மக்களின் கல்வியும் பெற்றோரின் முதுமையும் ஒரே தோள்மேல் ஒருங்கே அமர்ந்திருக்கும் பருவத்திலேயே. அத்தோள் சாயின் சாய்வது ஒருவர் அல்லர், ஒரு குடும்பம்!

அகவை ஏற ஏறத் தசை குறைகின்றது. இருக்கைப் பணியோ அதனை மேலும் குறைக்கின்றது. உண்டபின் குருதியில் சேரும் சருக்கரையைப் பெரிதும் உள்வாங்குவது தசையே. அது குறைந்த பின்னும் இருபத்தைந்து அகவையில் உண்ட அளவே உண்டால், மிஞ்சுவது வயிற்றில் கொழுப்பாய்ப் படிகின்றது.

தேநீரை எவரும் உணவாகக் கருதுவதில்லை. குவளைக்கு இரு சிறு கரண்டிச் சருக்கரை எனினும், ஐந்து குவளைக்குப் பத்துக் கரண்டி. ஏறத்தாழ 40 கிராம். உலக நலவாழ்வு நிறுவனம் நன்றென்று கூறும் அளவோ நாளொன்றுக்கு ஏறத்தாழ 25 கிராம். 5 கிராமுக்குள் அடங்க வேண்டிய உப்பும் ஊறுகாயாலும் அப்பளத்தாலும் பொட்டலத் தின்பண்டங்களாலும் எல்லை கடக்கின்றது. களைப்பாற்ற மாலையில் குடியை நாடுவோரும் ஒன்றறிக: குடியில் தீங்கற்ற அளவென்று ஏதுமில்லை என அந்நிறுவனம் 2023இல் தெளிவாக உரைத்துவிட்டது.

இதற்கு விலைமிக்க மாவுப்புட்டிகள் வேண்டியதில்லை. சோற்றைப் பாதியாக்கிக் காயையும் கீரையையும் இரட்டிப்பாக்குக. வடைக்கு மாற்றாகச் சுண்டல் கொள்க. இனிப்புநீர்க்கு மாற்றாக உப்புக் குறைந்த மோர் கொள்க. கேழ்வரகும் கம்பும் நன்றே. ஆயினும் அளவு மிஞ்சின் அவையும் குருதியிற் சருக்கரையே. தேநீரைச் சோற்றோடு சேர்த்து அருந்தற்க. உணவிலுள்ள இரும்பை உடல் ஏற்பதை அது தடுக்கும். உண்டபின் பத்து மணித்துளி நடக்க. முன்னரே மருந்துண்போர் மருத்துவரைக் கேட்டே உணவுமுறையை மாற்றுக.

திருக்குறளின் 95ஆம் அதிகாரத்திற்கு மருந்து என்று பெயர். அதன் பத்துக் குறட்பாக்களுள் ஆறு, உணவின் அளவையும் பொழுதையும் பற்றியன. மருத்துவர் பேசப்படுவது இறுதி மூன்றிலேயே. அவ்வரிசைமுறையே ஓர் அறிவுரையாம்.

எனினும், தனியொருவரின் நெஞ்சுறுதி மட்டும் போதாது. பசித்திருப்பவரை அமர்த்திக் கூட்டம் நடத்தும் அலுவலகம், அவர் நோயுறுங்கால் விடுப்பளிப்பதைக் கொடையென எண்ணற்க! நண்பகல் ஒரு மணிப்பொழுதை எவரும் தீண்டலாகாது என ஒவ்வோர் அலுவலகமும் முடிவு செய்க. பணியாளரும் அதனை உரிமையெனக் கேட்டுப் பெறுக. சோற்றுக்காக உழைப்பவர்க்குச் சோறுண்ணப் பொழுதில்லை எனின், அவ்வுழைப்பு யாருக்காக?