கமாவுக்குக் காசு, கவிராயருக்குப் பெயர் மாற்றம்

குற்றாலக் குறவஞ்சியைப் பற்றி ஆய்வுக் கட்டுரை எழுதும் தென்காசி மாணவி, துணைநூற்பட்டியலில் ஆசிரியர் பெயரை எப்படி எழுத வேண்டும்? திரிகூடராசப்பக் கவிராயர் என்றுதானே? ஜர்னல் அதை ஏற்காது. அது கேட்பது அமெரிக்க உளவியல் சங்கத்தின் ஏபிஏ பாணி: முதலில் குடும்பப் பெயர், ஒரு கமா, பிறகு சொந்தப் பெயரின் முதலெழுத்து. டைப்பிங் சென்டர்காரர் பெயரின் கடைசிச் சொல்லையே குடும்பப் பெயராக எடுத்துக்கொள்வார். மேலகரத்துப் புலவர் ‘கவிராயர், தி.’ ஆகி, ‘த’ வரிசையிலிருந்து ‘க’ வரிசைக்குக் குடிபெயர்வார்.

அடுத்தது இன்னும் மோசம். தென்காசிப் பாண்டியர் இருவரும் புலவர்கள். அதிவீரராம பாண்டியர் ‘பாண்டியர், அ.’ என்றும் வரதுங்கராம பாண்டியர் ‘பாண்டியர், வ.’ என்றும் ஆகிவிடுவார்கள். குற்றாலத்தில் வாழ்ந்த ரசிகமணி டி.கே.சி.யை இந்த ஊரில் யாரும் சாதிப் பெயர் சொல்லித் தேடுவதில்லை. கட்டுரையிலோ அவர் ‘முதலியார், டி.கே.சி.’. பெயருக்குப் பின்னால் சாதியைப் போடும் பழக்கத்தைத் தமிழ்நாடு கைவிட்டுப் பல தலைமுறை ஆகிறது. அந்தப் பட்டத்தைத் திரும்ப எடுத்து வந்து பெயருக்கு முன்னாலேயே உட்கார வைக்கிறது இந்த விதி.

இதில் ஏபிஏ மீது மட்டும் பழி போடுவது நியாயமில்லை. 1929இல் உளவியல் இதழ் ஒன்றில் ஏழு பக்கக் குறிப்பாகத் தொடங்கிய முறை அது. 2019இல் வந்த அதன் ஏழாம் பதிப்பிலேயே, பிளேட்டோவைப் போல ஒற்றைப் பெயர் உள்ளவரையும், பிரிக்க முடியாத பெயர் உள்ளவரையும் முழுப் பெயரிலேயே எழுதலாம் என்று இருக்கிறது. கட்டுரையைச் சரிபார்ப்பவர்கள் அந்தப் பகுதிவரை படிப்பதில்லை.

மாணவியின் சொந்தப் பெயருக்கும் இதே கதிதான். நம் ஊர்ப் பெண்ணுக்கு இன்ஷியல் என்பது அப்பாவின் பெயர். ஜர்னலின் படிவத்தில் ‘குடும்பப் பெயர்’ என்ற கட்டம் கட்டாயம் என்பதால் அப்பா பெயரை விரித்து எழுதுகிறாள். கட்டுரை அச்சாகும்போது அப்பா முன்னால் வந்துவிடுகிறார். எழுதியவள் ஒற்றை எழுத்தாக அவர் பின்னால் நிற்கிறாள். அடுத்த கட்டுரையில் வேறு மாதிரி வரும். கல்யாணத்துக்குப் பிறகு மூன்றாவது மாதிரி. வேலைக்கு விண்ணப்பிக்கும்போது மூன்றும் தான் எழுதியவைதான் என்று அவளே நிரூபிக்க வேண்டும்.

சரி, ஒரு ஜர்னலுக்காக எல்லாவற்றையும் மாற்றியாயிற்று. கட்டுரை திரும்பி வருகிறது. அடுத்த ஜர்னலுக்கு எம்எல்ஏ என்ற இன்னொரு பாணி. ஆண்டு பெயரை ஒட்டி வரக்கூடாது, பின்னால் போக வேண்டும். மூன்றாவது ஜர்னலில் எண் போட்டு வரிசைப்படுத்த வேண்டும். இன்னொன்றில் அடிக்குறிப்பு. உள்ளே ஒரு வாதம்கூட மாறியிருக்காது. கமாவும் அடைப்புக்குறியும் சாய்வெழுத்தும் மாறியிருக்கும். “அண்ணாச்சி, ரெஃபரன்ஸ் மட்டும் மாத்தணும்” என்று கேட்டால் டைப்பிங் சென்டரில் பக்கக் கணக்கில் காசு. ஸ்காலர்ஷிப் இல்லாமல் பகுதிநேர வேலை பார்த்துக்கொண்டு படிப்பவளுக்கு இது கை கடிக்கும் செலவு.

இது நம் ஊர்த் தொல்லை மட்டுமல்ல. 41 நாடுகளைச் சேர்ந்த 372 ஆய்வாளர்களிடம் கேட்டு 2019இல் ‘பிளாஸ் ஒன்’ இதழில் வந்த ஆய்வின்படி, ஒரு கட்டுரையை ஜர்னல் கேட்கும் வடிவத்துக்குக் கொண்டுவர இடைநிலையாக 14 மணி நேரம் ஆகிறது; ஆண்டுக்கு 52 மணி நேரம்.  தமிழில் எழுதுபவருக்கு வேறு சிக்கல்களும் உண்டு. பழைய கோப்பு பாமினி எழுத்துருவில் இருக்கும். யுனிகோடுக்கு மாற்றினால் கொம்பும் காலும் இடம் மாறிக் கிடக்கும். எழுத்தின் குறியீட்டு எண்படி அடுக்கும் மென்பொருளிடம் பட்டியலைக் கொடுத்தால், கடைசியில் வர வேண்டிய ஜெயகாந்தன் ஞானக்கூத்தனுக்கு முன்னால் வந்து நிற்பார்.

மூலங்களும் எளியவை அல்ல. தென்காசிக் கோயில் கல்வெட்டுகள் திருவிதாங்கூர் தொல்லியல் வரிசையின் முதல் தொகுதியில் அச்சாகியுள்ளன.  கல்வெட்டுக்கு ஆசிரியர் யார்? கோயிலைக் கட்டிய பராக்கிரம பாண்டியரா, கல்லில் வெட்டியவரா, பதிப்பித்த கோபிநாத ராவா? பழைய பதிப்புகள் பலவற்றில் ஆண்டு ‘விய’, ‘சர்வசித்து’ என்று தமிழ்ப் பெயரில் இருக்கும். அறுபது ஆண்டுக்கு ஒருமுறை அதே பெயர் திரும்ப வரும். இதற்கெல்லாம் அமெரிக்கக் கையேட்டில் விடை இருக்காது. விடையை நாம்தான் எழுத வேண்டும், எழுதவில்லை.

மேற்கோள் காட்டுவதே வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. அடுத்தவர் உழைப்பைத் தன்னுடையதாகக் காட்டினால் என்ன தண்டனை என்று பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) 2018இலேயே விதி போட்டிருக்கிறது. ஒப்புமை 60 சதவீதத்தைத் தாண்டினால் ஆய்வுப் பதிவே ரத்து. படிப்பவர் மூலத்தைப் போய்ப் பார்க்க முடிகிறதா என்பதுதான் கேள்வி. ஆசிரியர், தலைப்பு, பதிப்பகம், ஆண்டு, பக்கம் இவ்வளவும் இருந்தால் போய்ப் பார்க்கலாம். முற்றுப்புள்ளி எங்கே நிற்கிறது என்பது கட்டுரை ஏற்கப்பட்ட பிறகு ஜர்னல்காரர்கள் பார்த்துக்கொள்ள வேண்டிய வேலை. எல்சிவியர் போன்ற பெரிய பதிப்பகமே, முதல் சமர்ப்பிப்பில் எந்தப் பாணியும் சரி, ஒரே சீராக இருந்தால் போதும் என்று 2011இல் சோதித்துப் பார்த்துப் பிறகு பல இதழ்களுக்கு விரித்தது. நூறு பிரதி அச்சாகும் நம் ஜர்னல்களுக்கு மட்டும் ஏன் இந்தக் கெடுபிடி?

இப்போது வாய்ப்பும் இருக்கிறது. எந்த ஜர்னல் நல்லது என்று யுஜிசியே பட்டியல் போட்ட ‘கேர்’ முறை 2025 பிப்ரவரியில் கைவிடப்பட்டது. தரம் பார்க்கும் பொறுப்பு பல்கலைக்கழகங்களிடமே வந்திருக்கிறது. தென்காசி, குற்றாலம் கல்லூரிகள் இணைந்திருக்கும் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம் தன் அளவுகோலில் ஒரு வரி சேர்க்கலாம்: முதல் சமர்ப்பிப்பில் குறிப்பிட்ட பாணியைக் கட்டாயப்படுத்தாத, தமிழ்ப் பெயரை முழுமையாக அச்சிடும் ஜர்னலுக்கு முன்னுரிமை.

சென்னையில் தமிழ் இணையக் கல்விக்கழகம் செய்ய வேண்டியதும் ஒன்று உண்டு. கல்வெட்டு, ஓலைச்சுவடி, தமிழ் ஆண்டு, இன்ஷியல் எல்லாவற்றுக்கும் விதி சொல்லும் ஒரு தமிழ் மேற்கோள் பாணியை அறிஞர்களைக் கூட்டி முடிவு செய்து, மேற்கோள் பட்டியல் தயாரிக்கும் ஜோட்டிரோ போன்ற இலவச மென்பொருளில் ஏற்றக்கூடிய கோப்பாகவே வெளியிட வேண்டும். ஜோட்டிரோ 2006இலிருந்து இலவசமாகக் கிடைக்கிறது; பெயரைப் பிரிக்காமல் ஒரே கட்டத்தில் இடும் வசதியும் அதில் உண்டு. அதைச் சொல்லித்தர ஆள் இல்லாததால்தான் டைப்பிங் சென்டருக்குப் போகிறார்கள். பாவூர்சத்திரம், ஆலங்குளம் தாண்டி, பல்கலைக்கழகம் இருக்கும் அபிஷேகப்பட்டிக்கு இதற்காக ஒருத்தியை வரச் சொல்வதைவிட, கல்லூரி நூலகர்களில் ஒருவருக்குப் பயிற்சி கொடுத்து, வாரத்தில் ஒரு மதியம் இந்த வேலைக்கென்று ஒதுக்கினால் செலவும் குறைவு. குற்றாலத்தில் சீசன் முடிந்து கூட்டம் கலைவதற்குள் முதல் பயிற்சியை நடத்திவிட முடியும். தேவை ஒரு சுற்றறிக்கைதான்.