இருபத்தெட்டு நாள் பணக்காரர்

எர்ணாவூரிலிருந்து ஒரு நண்பர் என்னைத் தேடி வந்தார். எண்ணூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் இருபது வருஷமாக வேலை பார்ப்பவர். மகளுக்கு இங்கிலாந்தில் எம்.எஸ்ஸி. படிக்க இடம் கிடைத்துவிட்டது. ஆனால் மனிதர் முகத்தில் சந்தோஷத்தைக் காணோம்.

"வீசாவுக்கு பேங்குல பணம் காட்டணுமாம், அண்ணே. ஏஜெண்டு தானே போட்டுட்டு அப்புறம் எடுத்துக்கிறேங்கிறான். வட்டி மட்டும் கொடுத்தாப் போதுமாம். இது பொய்தானே?"

பொய்தான். ஆனால் அந்தப் பொய்யைச் சொல்ல வைத்தது யார்?

பிரிட்டிஷ் விதி இது: முதல் வருஷப் படிப்புக் கட்டணத்தில் கட்ட வேண்டிய பாக்கியும், ஒன்பது மாதம் வரைக்குமான வாழ்க்கைச் செலவும், மாணவர் பெயரிலோ பெற்றோர் பெயரிலோ தொடர்ந்து 28 நாள் வங்கியில் இருக்க வேண்டும். நடுவில் ஒரு நாள் குறைந்தாலும் போயிற்று. மோசடி என்று முடிவுகட்டினால் 10 வருஷம் அந்த நாட்டு வாசலை மிதிக்க முடியாது. தண்டனை ஏஜெண்டுக்கு அல்ல, அந்தப் பெண்ணுக்கு!

'போன இடத்தில் பட்டினி கிடக்கக் கூடாதென்றுதானே கேட்கிறார்கள்?' என்பீர்கள். நியாயம்தான். ஆனால் 28 நாள் முடங்கிக் கிடந்த பணம், 29-ஆம் நாள் அந்தப் பெண் சாப்பிடுவாள் என்பதற்கு என்ன அத்தாட்சி? சொத்துள்ளவனுக்கு இந்த விதி வெறும் சம்பிரதாயம். சம்பளக்காரனுக்கோ பொய்யின் அரிச்சுவடி. வங்கிக் கல்விக் கடனையும் காட்டலாம், வாஸ்தவம். ஆனால் 7.5 லட்சத்தைத் தாண்டினால் நம் வங்கிகள் பெரும்பாலும் அடமானம் கேட்கும். நண்பரின் வீட்டுக்குப் பட்டா இல்லை.

அவர் ஊருக்குத் தெற்கே சில மைலில் சென்னைத் துறைமுகம். 1912-ல் அங்கே 30 ரூபாய்ச் சம்பளத்துக்குக் குமாஸ்தாவாகச் சேர்ந்த ஒருவர், எஃப்.ஏ. பரீட்சையில் தேறாதவர், 1914 மார்ச் 17-ஆம் தேதி கேம்பிரிட்ஜுக்குக் கப்பலேறினார். அவர்தான் ராமானுஜன். வருஷத்துக்கு 250 பவுன் கொடுத்து அவருக்குப் பின்னால் நின்றது சென்னைப் பல்கலைக்கழகம். அவருடைய கணக்கு நோட்டைப் பார்த்தார்கள். வங்கிக் கணக்கைப் பார்க்கவில்லை.

எல்லாரும் ராமானுஜனா என்று சிரிக்காதீர்கள். இந்தப் பெண் ராமானுஜன் அல்ல. ஆனால் பரீட்சையில் தேறாதவளும் அல்ல.

பிரிட்டிஷ் விதியிலேயே ஒரு கதவு திறந்திருக்கிறது. மாணவரின் சொந்த நாட்டு அரசாங்கம் செலவு முழுவதற்கும் பொறுப்பேற்றுக் கடிதம் கொடுத்தால், 28 நாள் கதையே வேண்டாம். நம் அரசாங்கம் அந்தக் கதவை எவ்வளவு அகலம் திறந்திருக்கிறது? மத்திய சமூக நீதி அமைச்சகத்தின் அயல்நாட்டுக் கல்வி உபகாரச் சம்பளத்தில், இவ்வளவு பெரிய தேசத்துக்கும் வருஷத்துக்கு 125 இடங்கள். தாழ்த்தப்பட்டோர், நிலமற்ற விவசாயத் தொழிலாளர், பரம்பரைக் கைவினைஞர் முதலியோருக்கு உரியவை அவை, அவர்களுக்கே போதாதவை. ஆலைத் தொழிலாளி என்ற பிரிவே அதில் கிடையாது. வெள்ளைக்காரன் விதியைத் திட்டுவது சுலபம். நம் பிள்ளைக்கு நாமே ஜாமீன் நிற்க மறுப்பதை எந்த வார்த்தையால் திட்டுவது?

"ஏஜெண்டு பணம் வேண்டாம்" என்றுதான் நண்பரிடம் சொன்னேன். அவர் எழுந்தார். வாசல்படியில் நின்று கேட்டார்:

"உண்மையைச் சொன்னா பொண்ணு இங்கேயே கிடக்கணும். பொய் சொன்னா படிக்கப் போகலாம். அவளுக்கு நான் எதை அண்ணே சொல்லிக் கொடுக்கிறது?"

எனக்குப் பதில் தெரியவில்லை. உங்களுக்குத் தெரிகிறதா?