வளர்ப்புப் பெரெட்டும் வளர்ப்பவர் கடனும்

வாயில்லா ஜீவனொன்றை வீட்டிற் கொணர்ந்து வளர்ப்பவர், அதற்கு உணவும் உறைவிடமும் அளித்தவுடன் தம் கடமை முடிந்ததென்று கருதுவது உலக வழக்கு. அன்பிருந்தாற் போதும், மற்றவையெல்லாம் தாமே வந்தெய்தும் என்பது அவர் எண்ணம். மயில் குளிரால் நடுங்குகின்றதென்று கருதித் தன் போர்வையை அதன்மேற் சார்த்திய பேகனுடைய கொடையைப் புலவர் பலரும் புகழ்ந்தனர். அது புகழத் தக்கதே. ஆயினும் அம்மயிலுக்குப் போர்வை வேண்டியிருந்ததா என்று ஒரு கணம் வினவுவோமாயின், ஓர் உயிரினிடத்து அருள்கொள்ளுதல் வேறு, அவ்வுயிரின் தேவையை அறிதல் வேறு என்பது விளங்கும். அறிவொடு கூடாத அன்பு சிற்சில வேளைகளில் தீங்காகவும் முடியும். இவ்வுண்மைக்கு, ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பலர் இல்லங்களில் செல்லமாய் வளரும் பெரெட் என்னும் சிறு பிராணியின் நிலைமை தக்கதொரு சான்றாகும்.

நம் நாட்டில் இப்பிராணியைக் கண்டவர் சிலரே யாதலின், முதலில் அதனைச் சிறிது அறிமுகஞ் செய்வது அவசியம். நீண்டு மெலிந்த உடலும், குட்டைக் கால்களும், குறும்பு ததும்பும் கண்களும் உடையது இது. வால் நீங்கலாக ஒரு முழத்திற்கும் குறைந்த நீளமே உண்டு; பெண் ஏறக்குறைய ஒரு கிலோகிராமும், ஆண் அதனினும் மிகுதியும் நிறைகொள்ளும். தோற்றத்தில் நம் கீரியை நினைவூட்டுமாயினும், கீரியின் குடும்பம் வேறு. நம் ஆறுகளில் வாழும் நீர்நாயே இதற்கு உண்மையான உறவு. ஐரோப்பியக் காடுகளிலுள்ள போல்கேட் என்னும் விலங்கினின்று இதனை மனிதன் பழக்கியெடுத்து ஈராயிரம் ஆண்டுகளுக்கு மேலாயின என்பர். வளையிற் பதுங்கிய முயலை வெளியே விரட்டுதற்கே முதலில் இது பயன்பட்டது. இதன் பெயரின் மூலமாகிய இலத்தீன் சொல்லுக்குச் 'சிறு திருடன்' என்பது பொருள். கண்ட பொருளையெல்லாம் இழுத்துச்சென்று மறைத்துவைக்கும் இயல்பினால் அப்பெயர் பொருத்தமே.

இத்திருடனுக்கு மனிதகுலம் பட்டுள்ள கடன் பெரிது. 1920-களில் இலண்டன் நகரையடுத்த ஆராய்ச்சிச்சாலையில் லெயிட்லா, டங்கின் என்னும் இரு அறிஞர் நாய்களைக் கொல்லும் டிஸ்டெம்பர் நோயை ஆராய்ந்தபோது, அந்நோய் பெரெட்டுகளையும் பற்றுவது கண்டு அவற்றைத் தம் சோதனைகளுக்குப் பயன்படுத்தினர். 1933-ஆம் ஆண்டில் வில்சன் ஸ்மித், ஆண்ட்ரூஸ், லெயிட்லா ஆகிய மூவரும், இன்புளுயென்சா நோயாளரின் தொண்டை கழுவிய நீரைப் பெரெட்டுகளின் மூக்கிற் செலுத்தி, அந்நோய்க்குக் காரணம் ஒரு வைரசே என நிறுவினர். சில ஆண்டுகளுக்குப் பின் நோயுற்ற பெரெட்டொன்று ஆராய்ச்சியாளர் ஒருவர் முகத்தில் தும்ம, அவருக்கும் அக்காய்ச்சல் வந்தது. அச்செய்தி 1936-இல் வெளியிடப்பட்டது. இன்றும் இன்புளுயென்சாவை ஆராய்வோர் இவ்விலங்கையே நாடுகின்றனர். நம்முடைய காய்ச்சலின் காரணத்தை அறிதற்குத் தன் உயிரைத் தந்த ஜீவனுடைய நோய்களை நாம் அறியாதிருத்தல் நன்றியுடைமையாகாது.

அந்நோய்களை ஆராயுங்கால், அவற்றுள் மிகக் கொடியவை சில மனிதன் கைப்பட்டதன் விளைவாகவே வந்தன என்பது தெரியவரும். இதுவே யான் இங்கு வற்புறுத்த விரும்புவது.

பெண் பெரெட்டின் உடலமைப்பில் ஒரு விசித்திரம் உண்டு. இளவேனிலில் பகற்பொழுது நீளுங்கால் அதற்குப் பருவவேட்கை தோன்றும். ஆணுடன் கூடினாலன்றி அது எளிதில் தணியாது. கூடாவிடின் அந்நிலை மாதக்கணக்கில் நீடிக்கும். அக்காலமெல்லாம் ஈஸ்ட்ரொஜன் என்னும் ஹார்மோன் இரத்தத்தில் ஓங்கிநின்று, எலும்பின் மச்சையைக் கெடுக்கும். இரத்தம் பிறக்குமிடமே வற்றிவிடுதலால், ஈறு வெளுத்து, உடல் தளர்ந்து, தோலின்கீழ் இரத்தக்கசிவு கண்டு அப்பேதை மாண்டுபோகும். குட்டி வேண்டாமென்று பெண்ணைத் தனியே அடைத்துவைப்பவர், தாம் அறியாமலே அதனைக் கொல்லுகின்றனர்.

இதற்குப் பரிகாரமாகச் சூற்பையை நீக்கும் சிகிச்சை ஏற்பட்டது. ஆணுக்கும் மூர்க்கமும் துர்நாற்றமும் குறையும்பொருட்டு விதையடித்தல் வழக்கமாயிற்று. பரிகாரமே வேறொரு பிணிக்கு வாயிலாயிற்று என்பதுதான் இதில் துயரமான செய்தி. இனவுறுப்புகள் உள்ளவரை அவை சுரக்கும் ஹார்மோன்கள் மூளைக்குச் செய்தியனுப்பி அதன் தூண்டுதலை அடக்கிவைக்கும். அவை நீங்கியபின் அடக்குவாரில்லை. மூளையின் தூண்டுதல் ஓயாது எழுந்து, சிறுநீரகத்தின் அருகிலுள்ள அட்ரினல் சுரப்பியைத் தாக்கும். நாளடைவில் அச்சுரப்பி பருத்துக் கட்டியாகி, தன் தொழிலை மறந்து இனஹார்மோன்களைப் பெருக்கத் தொடங்கும். வாலினின்று தொடங்கி மயிர் உதிரும், தோல் அரிக்கும், சூற்பை நீக்கிய பெண்ணுக்கும் பிறப்புறுப்பு வீங்கும், ஆணுக்குப் புரஸ்தகிரந்தி பருத்துச் சிறுநீர் அடைபடும். சிறுநீரடைப்பைக் கண்டவர் அன்றே வைத்தியரிடம் ஓடாராயின், பிராணி பிழைப்பது அரிது.

அமெரிக்காவில் விற்பனைக்கென்று பெருந்தொகையாய் வளர்க்கும் பண்ணைகளில், குட்டிகளுக்கு ஏறக்குறைய ஆறு வாரம் ஆவதற்குள் இச்சிகிச்சையை முடித்து, வாலடியிலுள்ள நாற்றச்சுரப்பியையும் அகற்றிக் கடைக்கனுப்புவது வழக்கம். பின்னதை மருத்துவக் காரணமின்றிச் செய்தலை இங்கிலாந்தின் மிருக வைத்தியர் ஒப்புவதில்லை. நெதர்லாந்தில் நிகழ்ந்து 2000-ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆராய்ச்சி, எவ்வளவு இளமையில் இச்சிகிச்சை செய்யப்படுகின்றதோ அவ்வளவு இளமையில் அட்ரினல் நோயும் வருகின்றதென்றும், இரண்டிற்கும் இடைப்பட்ட காலம் சராசரி மூன்றரை ஆண்டென்றும் காட்டிற்று. அங்ஙனமாயின், ஆறு வாரக் குட்டியை வாங்கிச்செல்லும் சிறுவன், மூன்று நான்கு ஆண்டிற்குள் வரக்கூடியதொரு நோயையும் உடன் வாங்கிச்செல்லுகின்றான். கடைக்காரர் அதனை அவனுக்குச் சொல்லுவதுண்டோ?

இருபுறமும் இடர் எனின், வழி யாது? அறுவையின்றி அவ்வேட்கையை அடக்கும் வழி இன்றுண்டு. டெஸ்லோரெலின் என்னும் மருந்தடங்கிய, நெல்மணி போன்ற சிறு துண்டொன்றைத் தோலின்கீழ் வைத்துவிட்டால், அது சிறிது சிறிதாகக் கசிந்து மூளையின் தூண்டுதலையே தணித்துவிடும். அட்ரினல் நோயுற்ற பெரெட்டுகளுக்கு இதனைப் பயன்படுத்த அமெரிக்க அரசாங்கம் 2012-இல் இடங்கொடுத்தது. ஐரோப்பாவில் நோய் வருமுன்னரே விதையடித்தலுக்கு மாற்றாக இதனைக் கையாளும் வைத்தியர் பலர். ஓரிரு ஆண்டுகளுக்கொருமுறை இதனைப் புதுப்பிக்க வேண்டும், செலவும் உண்டு. விற்பவர்க்கு ஒருமுறைச் செலவோடு முடிகின்ற காரியம், வளர்ப்பவர்க்கு வாழ்நாட் செலவாகின்றது. ஆதலின் பண்ணையார் பழைய வழக்கத்தை விடாது பற்றுவதில் வியப்பில்லை. ஆயினும் விற்பவருடைய வசதியை முன்னிட்டு ஓர் உயிரின் பிற்காலத்தை அடகுவைப்பது நீதியன்று என்பதே என் துணிபு.

அடுத்தது கணையத்தில் தோன்றும் இன்சுலின் கட்டி. நடுவயதைக் கடந்த பெரெட்டுகளிடம், சிறப்பாக அமெரிக்காவில், இது மிகுதியாகக் காணப்படுகின்றது. நம்மவரை வாட்டும் நீரிழிவுக்கு இது நேர்மாறானது. இங்கே இன்சுலின் மிகுந்து இரத்தத்தில் சர்க்கரை வற்றிப்போகின்றது. பின்னங்கால் தளரும், வாயில் நீர் ஒழுகும், முன்னங்காலால் வாயைப் பிறாண்டும், வெறித்த பார்வையுடன் மயங்கிக் கிடக்கும். வளர்ப்பவரோ, முதுமையினால் உறங்குகின்றதென்று எண்ணி விட்டுவிடுவர். 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் சர்க்கரை 60 மில்லிகிராமுக்குத் தாழுமாயின் இந்நோய் என்னும் ஐயம் வலுப்படும். மயங்கிய வேளையில் ஈற்றில் சிறிது தேன் தடவுதல் முதலுதவி. பின்னர் மாத்திரையோ அறுவையோ வைத்தியர் விதிப்பர். இதன் காரணம் முற்றும் துணியப்படவில்லை. மாவுப்பொருள் மிகுந்த உணவின்மீது வைத்தியர் பலர் ஐயங்கொள்ளுகின்றனர். எவ்வாறாயினும், பெரெட் முழுப் புலாலுண்ணி. அதன் குடல் மிகக் குறுகியது. உண்டது மூன்று நான்கு மணி நேரத்தில் கழிந்துவிடும். நாம் தின்னும் பிஸ்கோத்தையும் உலர்ந்த திராட்சையையும் அன்பின் அடையாளமாக அதற்கு ஊட்டுதல், மயிலுக்குப் போர்வை சார்த்தியதினும் தவறாகும். போர்வை மயிலுக்குத் தீங்கு செய்யவில்லை.

தொற்றுநோய்களுள் டிஸ்டெம்பரே தலையாயது. தடுப்பூசி போடாத பெரெட்டை அது பற்றுமாயின் மரணம் ஏறக்குறைய நிச்சயம். ஆதலின் குட்டிப்பருவத்திலேயே தடுப்பூசி தொடங்கி, சில வார இடைவெளியில் மீண்டும் போடுதல் இன்றியமையாதது. ஆனால் நாய்க்குரிய ஊசியெல்லாம் இதற்கும் ஆகும் என்று எண்ணலாகாது. பெரெட்டுக்குத் தக்கதென்று தெளிந்த மருந்தையே வைத்தியர் தேர்தல் வேண்டும். இதற்கு ஓர் எச்சரிக்கை அமெரிக்காவிலேயே நிகழ்ந்தது. அங்குள்ள காட்டினமாகிய கருங்காற் பெரெட் அருகிவந்தமையால், 1970-களின் தொடக்கத்தில் சிலவற்றைப் பிடித்துக் காப்பகத்தில் வைத்து, வீட்டுப் பெரெட்டுக்குத் தீங்கற்றதாயிருந்த தடுப்பூசியை அவற்றிற்கும் போட்டனர். அவ்வூசியே நோயாகி அவற்றுள் நான்கைக் கொன்றது. காக்க விரும்பிய கையே கொன்றதற்கு இதனினும் வருந்தத்தக்க உதாரணம் வேண்டுமோ? பின்னர் 1985-இல் வயோமிங் மாகாணத்தில் எஞ்சியிருந்த கூட்டத்தில் டிஸ்டெம்பர் புகவே, 1987-க்குள் பிழைத்தவை பதினெட்டையும் பிடித்துவந்து அவற்றினின்றே அவ்வினத்தை மீட்டெடுத்தனர். பிழையினின்று பாடங்கற்று, கொல்லாத ஊசியைக் கையாண்டமையும் அம்மீட்சிக்கு ஒரு காரணம்.

மற்றுஞ் சில இடையூறுகளைச் சுருங்கக் கூறுவேன். இன்புளுயென்சா பெரெட்டினின்று மனிதர்க்கு வந்தவாறே மனிதரினின்று பெரெட்டுக்கும் செல்லும். வீட்டில் காய்ச்சற்காரர் அதனை முத்தமிடாதிருப்பதே உண்மையான அன்பு. இரப்பரையும் பஞ்சையும் கடித்து விழுங்கிக் குடலடைத்து இளங்குட்டிகள் பல சாகின்றன. ஆதலின் செருப்பும் பொம்மையும் எட்டாத இடத்தில் இருத்தல் நன்று. வியர்வைச் சுரப்பி மிகக் குறைந்த அவ்வுடல் வெப்பத்தைத் தாங்காது. 30 டிகிரியை எட்டும் அறையில் அதனை அடைத்தல் ஆபத்து. கொசுவினால் பரவும் இதயப்புழு ஒன்றே ஒன்று புகுந்தாலும் அச்சிறு இதயம் நின்றுவிடலாம். மனிதர்க்குரிய வலிமாத்திரைகளுள் இபுப்ரோபென் முதலியன அதற்கு நஞ்சாகும். ஆண்டுக்கொருமுறையும், மூன்று நான்கு வயதிற்குப்பின் ஆறு மாதத்திற்கொருமுறையும் வைத்தியர் பார்த்தல் வேண்டும்.

இவ்விடத்தில் ஒருசாரார் கூறுவதும் கேட்கத்தக்கதே. மனிதர்க்கே மருந்து கிடையாத உலகில், செல்வர் வீட்டு விளையாட்டுப் பிராணிக்கு இத்துணை அக்கறை ஏன் என்பர். கருணை ஓர் உண்டியற் பணமன்று, ஒருவர்க்கு எடுத்தால் மற்றவர்க்குக் குறைவதற்கு. வாயில்லாதவற்றின் துன்பத்தைக் கூர்ந்து நோக்கப் பழகிய கண், வாயிருந்தும் சொல்லமாட்டாத ஏழையின் துன்பத்தையும் காணும். படைப்பின்மேல் மனிதனுக்கு ஆளுகை அளிக்கப்பட்டதென்று நம்புவோர், ஆளுகை என்பது கணக்கொப்புவிக்க வேண்டிய உத்தியோகம் என்பதையும் மறத்தலாகாது. மற்றொரு சாரார், இதனை வளர்ப்பதையே சட்டத்தால் விலக்கலாமே என்பர். கலிபோர்னியாவில் அவ்வாறே விலக்கியுள்ளனர். நியூஜிலாந்து 2002-இல் விற்பனையையும் இனவிருத்தியையும் தடுத்தது. அங்கே காட்டில் விடப்பட்ட பெரெட்டுகள் பறக்கமாட்டாத பறவைகளை அழிப்பதால், அத்தடை நியாயமே. ஆனால் பிற நாடுகளில் ஏற்கெனவே மனிதர் மடியில் வளர்வனவற்றைச் சட்டத்தால் இல்லாமற் செய்ய இயலாது. ஈராயிரம் ஆண்டு நம்மை நம்பிப் பழகியதைக் காட்டில் விடுவதும் அறமன்று.

ஆதலின் யான் வேண்டுவன மூன்றே. விற்பவர், வாங்குவோர்க்கு வரக்கூடிய நோய்களையும் அவற்றின் செலவையும் எழுத்தில் கொடுத்தல் வேண்டும். ஆறு வாரக் குட்டியை அறுக்கும் வழக்கத்தைப் பண்ணையார் கைவிடுதல் வேண்டும். வாங்குவோர், கூண்டின் விலையை மட்டுமன்றி, ஐந்து முதல் எட்டு ஆண்டு வரை நீளும் ஒரு வாழ்வின் விலையையும் கணக்கிட்டபின்னரே பணப்பையை அவிழ்த்தல் வேண்டும். கொடுக்க இயலாதென்று தோன்றினால் வாங்காது திரும்புதலும் ஜீவகாருண்யமே.

பெரெட்டைக் காணாத நம் மாணவர்க்கும் இதில் ஒரு பாடம் உண்டு. நம் வீட்டுத் திண்ணையில் கிடக்கும் நாயும், கொட்டிலிற் கட்டிய பசுவும், கூண்டிலுள்ள கிளியும் நம்மிடம் கேட்க அறியாத கேள்விகளைச் சுமந்தே நம் முகம் நோக்குகின்றன. அவற்றைத் தடவிக்கொடுக்கும் கையோடு, அவற்றை அறிந்துகொள்ளும் மனமும் நமக்கு வாய்க்குமாக.