காட்டுக்குத் தர்மகர்த்தா யாரு?

கோடீசுவரன் ஒருத்தன் காட்டை விலைக்கு வாங்கினான், ஒரு மரத்தையும் வெட்டவிடாமல் காப்பாற்றினான் என்று செய்தி வந்தால் நம்மூர் இயற்கை ஆர்வலர்களுக்குப் புல்லரித்துப் போகிறது. கடலைப் பார்த்த மலை, ஆள் நடமாட்டமில்லாத மழைக்காடு, அதைக் கிரயம் பண்ணிக் 'காவலன்' ஆகிவிட்ட சீமான். இதைவிட உத்தமமான காரியம் உலகத்தில் உண்டா என்கிறார்கள். இருக்கட்டும். யாரிடமிருந்து வாங்கினான்? விற்றவனுக்கு அது எப்படிக் கிடைத்தது? சேரியில் பிறந்தவன் நிலம் என்ற சொல் காதில் விழுந்ததும் கேட்கிற முதல் கேள்வி இதுதான். நம்முடைய பசுமைப் புலவர்கள் மட்டும் இதைக் கேட்பதேயில்லை.

தென்னமெரிக்காவின் சிலி நாட்டை எடுத்துக்கொள்வோம். இந்தக் காவலர்களுக்குத் தலைமகனாகச் சொல்லப்படுகிறவர் டக்ளஸ் டாம்ப்கின்ஸ். நார்த் ஃபேஸ், எஸ்ப்ரி என்ற துணிமணிக் கம்பெனிகளில் சம்பாதித்த அமெரிக்கர். 1991இல் தெற்குச் சிலியின் கடலோர மழைக்காட்டில் ஒரு பண்ணையை வாங்கினார். பிறகு பக்கத்து நிலங்களையும் வாங்கிக் குவித்து ஏழெட்டு லட்சம் ஏக்கரைப் பூமலின் என்ற பூங்காவாக ஆக்கினார். ஒரு பக்கம் பசிபிக் கடல், மறுபக்கம் அர்ஜென்டினா எல்லை. உள்ளே மூவாயிரம் ஆண்டுக்கும் மேல் வாழக்கூடிய அலெர்சே மரங்கள். 2015இல் ஏரியில் படகு கவிழ்ந்து அவர் இறந்தார். அவர் மனைவியின் அமைப்பு, சேர்த்து வைத்திருந்த சுமார் 10 லட்சம் ஏக்கரை 2018இல் தேசியப் பூங்காக்களுக்காக அரசிடம் ஒப்படைத்தது.

பெரிய மனசுதான், மறுக்கவில்லை. அந்த மரங்கள் இன்றைக்கும் நிற்கின்றன. ஆனால் அந்த மண்ணில் பத்திரமில்லாமல் உழுது மாடு மேய்த்திருந்த குடியேறிகள் நெருக்கப்பட்டார்கள் என்ற குற்றச்சாட்டு 90களிலேயே எழுந்தது. டாம்ப்கின்ஸ் தரப்பு அதை மறுத்தது. யார் சொல்வது சரி என்ற வழக்குக்குள் நான் போகவில்லை. காகிதம் வைத்திருப்பவன் வந்ததும் காகிதமில்லாதவன் தன் இருப்புக்குச் சாட்சி தேட வேண்டியிருக்கிறதே, அதைத்தான் சொல்கிறேன்.

அதே கடலோரத்தில் கொஞ்சம் மேற்கே சிலோயே தீவு. அதன் தென்கோடியில் ஏறத்தாழ 2 லட்சத்து 90 ஆயிரம் ஏக்கர் மழைக்காட்டை 2005இல் செபாஸ்டியன் பிஞேரா வாங்கினார். கடன் அட்டையிலும் விமானக் கம்பெனியிலும் கோடிகள் சேர்த்தவர், பிறகு இரண்டு முறை சிலியின் அதிபராக இருந்தவர், 2024இல் ஹெலிகாப்டர் விபத்தில் மாண்டவர். காட்டுக்கு அவர் வைத்த பெயர் தந்தவுக்கோ பூங்கா.

பெயரைக் கவனியுங்கள். 1826 ஜனவரியில் ஸ்பெயின்காரனிடமிருந்து சிலோயே தீவு சிலி நாட்டின் கைக்கு வந்த உடன்படிக்கையின் பெயர் அது. தீவில் இருக்கிற எல்லாருடைய சொத்தும் மதிக்கப்படும் என்று அந்த உடன்படிக்கையில் ஒரு ஷரத்து உண்டு. தீவின் ஆதிகுடிகள் உய்யிச்சே மக்கள். ஸ்பானிய ஆட்சி போகிற காலத்தில் தங்களுக்குக் கொடுத்த நிலப்பத்திரங்களை அந்த ஷரத்து காப்பாற்றுகிறது என்று இன்றுவரை வாதாடிக்கொண்டிருக்கிறார்கள். பின்னாளில் சிலி அரசு அந்தக் காட்டையெல்லாம் புறம்போக்கு மாதிரித் தன் பெயரில் எழுதிக்கொண்டது. பிறகு அது தனியார் கைக்குப் போய், கைமாறிக் கைமாறிக் கடைசியில் பூங்காவானது. வாக்குறுதியை மீறியாகிவிட்டது, வாக்குறுதியின் பெயர் மட்டும் நுழைவாயிலில் தொங்குகிறது.

'ஆளில்லாத காடுதானே?' என்பார்கள். ஏன் ஆளில்லை? அந்தக் கால்வாய்களிலும் தீவுகளிலும் தோணியே வீடாக வாழ்ந்த சோனோ என்ற மக்கள் ஸ்பானியர் வந்த பிறகு ஓர் இனமாகவே இல்லாமல் போனார்கள். ஆளை ஒழித்த இடத்துக்கு ஆளில்லாத இடம் என்று பெயர் வைத்து, அதையே அழகு என்று விற்கிறான். வாங்குகிறவனுக்குக் கடல் ஒரு காட்சி. ஜன்னலைத் திறந்தால் தெரியணும், அவ்வளவுதான். உய்யிச்சே மக்களுக்குக் கடல் சோறு. மீனும் சிப்பியும் கடற்பாசியும் எடுத்த கரை. அந்த வழக்கத்துக்கு உரிமை கேட்டுப் போராடித்தான் 2008இல் கடலோர ஆதிகுடிகளுக்கென ஒரு சட்டத்தைச் சிலியில் வாங்க முடிந்தது.

காந்தி சொன்ன தர்மகர்த்தா முறை ஞாபகம் வருகிறதா? பணக்காரன் சொத்தை வைத்துக்கொள்ளட்டும், ஏழைகளுக்காகப் பாதுகாக்கிறேன் என்று நினைத்துக்கொண்டால் போதும் என்ற தத்துவம். 1945இல் காங்கிரசும் காந்தியும் தீண்டப்படாதவருக்குச் செய்தது என்ன என்று எழுதியபோது அம்பேத்கர் இந்த ஏமாற்றைப் பிட்டு வைத்தார். நமக்குத் தர்மகர்த்தா என்றால் யாரென்று தெரியாதா? கோயில் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு நம்மைத் தெருவில் நிறுத்தியவன். இப்போது அவனே காட்டுச் சாவியோடு நிற்கிறான்.

'அப்படின்னா மரக் கம்பெனிக்காரன் வெட்டிக்கிட்டுப் போகட்டுமா?' என்று சில தோழர்கள் கேட்கிறார்கள். இது என்ன நியாயம்? வெட்டுகிற முதலாளி, காக்கிற முதலாளி, ரெண்டு பேரில் ஒருத்தனைத் தேர்ந்தெடு என்றால் மூன்றாவதாக நிற்கிற குடிமக்கள் எங்கே போவார்கள்? காடு நிற்க வேண்டும். அதை வைத்துப் பிழைத்தவர்களின் உரிமையோடு நிற்க வேண்டும்.

சிலி ரொம்பத் தூரம் என்று யாரும் நினைக்க வேண்டாம். மாஞ்சோலை இருக்கிறது. காணிக்காரர்கள் வாழ்ந்த மலையில் சிங்கம்பட்டி ஜமீன் 8,373 ஏக்கரை 1929இல் பாம்பே பர்மா கம்பெனிக்கு 99 ஆண்டுக் குத்தகைக்குக் கொடுத்தது. மழைக்காட்டை அழித்துத் தேயிலை போட்டது கம்பெனி. அட்டைக்கடியில் கொழுந்து கிள்ளியது பெரும்பாலும் நம் சனம். கூலி கேட்டும் சிறையிலிருந்த தோழர்களை விடக் கேட்டும் 1999 ஜூலை 23 அன்று திருநெல்வேலியில் ஊர்வலம் போனவர்களைப் போலீஸ் அடித்துத் தாமிரபரணிக்குள் விரட்டியது. 17 பேர் பிணமானார்கள். 2024இல் குத்தகை முடியும் முன்பே விருப்ப ஓய்வுத் தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டு கம்பெனி நடையைக் கட்டியது. நாலு தலைமுறை அங்கேயே பிறந்து செத்தவர்களுக்கு ஒரு சென்ட் பட்டா இல்லை. காட்டைக் காப்பாத்தணும், கீழே இறங்கு என்கிறார்கள். தோட்டத்தை அரசே ஏற்று நடத்த வேண்டும் என்ற கோரிக்கை அந்த டிசம்பரில் சென்னை உயர்நீதிமன்றத்தில் எடுபடவில்லை.

2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம், பழங்குடி அல்லாதவன் காட்டில் உரிமை கேட்டால் மூன்று தலைமுறை, 75 ஆண்டு அங்கே இருந்ததை நிரூபி என்கிறது. கடல் பார்த்த காட்டை வாங்க வருகிற சீமானிடம் ஒரே ஒரு நாளாவது இங்கே இருந்தாயா என்று எந்தச் சட்டமாவது கேட்கிறதா? அவனுக்குப் பணமே சாட்சி.

காட்டை நேசிக்கிற நண்பர்களுக்குச் சொல்வது இதுதான். அடுத்த தடவை ஒரு காவலனைப் பாராட்டி எழுத உட்காரும்போது மூலப்பத்திரத்தைக் கேளுங்கள். அதில் முதல் பெயர் யாருடையது, அந்தப் பெயர் எந்த வருஷம் அடிக்கப்பட்டது என்று பாருங்கள். அடிக்கப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள். காட்டை முதலில் அவர்கள் பெயரில் எழுதுங்கள். காவலைப் பற்றி அவர்களோடு உட்கார்ந்து பேசிக்கொள்ளலாம்.