மூச்சும் ஓட்டமும்

“இரண்டடிக்கு மூச்சை வாங்குக, இரண்டடிக்கு விடுக” என்று ஓட்டம் பயில்வோர்க்குத் திடலிலே கட்டளை பிறக்கின்றது. எண்ணிக்கை தவறினோர் நகைக்கப்படுகின்றனர். அந்நகைப்புக்கு நாணித் திடலையே துறந்த நண்பரும் நம்முள் உளர். ஆதலின் இக்கட்டளை எல்லார்க்கும் பொருந்துமோ எனச் சிறிது ஆராய்வோம்.

குருதியிற் கரியமில வாயு மிகுந்த பின்னரே மூச்சு விரையும் எனப் பலர் கருதுவர். 1913-ஆம் ஆண்டில் குரோக், லிண்ட்ஹார்ட் என்னும் டென்மார்க்கு நாட்டு அறிஞர் இருவர், உழைப்புத் தொடங்கிய உடனேயே மூச்சு மிகுதலைக் கண்டனர். கால்களை ஏவும் மூளையே, அவ்வேவலோடு முகுளத்திலுள்ள மூச்சு மையத்தையும் தூண்டுகின்றது என்பது அவர் கொள்கை. இயங்கும் தசைகளினின்று நரம்பு வழியே செல்லும் செய்திகளும் அம்மையத்தை ஊக்குகின்றன. எனவே, நாம் எண்ணத் தொடங்குமுன்னரே நம் நரம்பு மண்டலம் தன் பணியைத் தொடங்கிவிடுகின்றது.

பாய்ந்தோடும் குதிரை ஒரு பாய்ச்சலுக்கு ஒரு மூச்சே விடும். அதன் உடலமைப்பு அதனை அங்ஙனம் பிணித்துள்ளது. இருகாலில் நிமிர்ந்தோடும் மனிதனுக்கு அப்பிணிப்பு அத்துணை இறுக்கமன்று. ஓடும் மனிதரிடத்து அடிக்கும் மூச்சுக்கும் ஒரே விகிதமின்றிப் பல விகிதங்கள் உளவென்று பிராம்பிள், காரியர் என்போர் 1983-இல் வெளியிட்டனர்.

எண்ணிப் பழகுதல் விரும்புவோர்க்குத் துணையாகலாம். அதனை நாம் மறுத்திலேம். ஆயின் யாவர்க்கும் ஓரெண்ணையே விதித்தல், இயற்கை மனிதனுக்கு அளித்த உரிமையைப் பறித்தலேயாம். எண்ணிக்கை ஒழிக; நாணி நீங்கிய நண்பர் திடலுக்கு மீள்க!